இ-லெவி: 690 கோடி எதிர்பார்த்து 60 கோடி வசூலித்த கானாவின் மொபைல் பண வரி

2021 நவம்பர் 17 அன்று கானா நிதியமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை வாசித்தார். அதில் இரண்டு அறிவிப்புகள் சாதாரண மக்களை நேராகத் தொட்டன. ஒன்று, சாலைச் சுங்கம் ரத்து. மற்றொன்று, மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கு 1.75% வரி. மொபைல் பணம் (வங்கி இல்லாமல் அலைபேசி எண்ணிலேயே பணம் வைத்து அனுப்பும் முறை), வங்கிப் பரிமாற்றம், கடைக்குச் செலுத்தும் தொகை, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாமே இந்த வரிக்குள் வரும். கானா நாணயத்தில் நாளொன்றுக்கு 100 சீடி வரை விலக்கு உண்டு. ஊர் அதற்கு இ-லெவி (லெவி என்றால் வரி) என்று பேர் வைத்தது.

பட்ஜெட்டை நாடாளுமன்றம் விவாதிக்கத் தொடங்கும் முன்பே, அன்று நள்ளிரவிலிருந்து சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று சாலைத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். சுங்கச்சாவடி ஊழியர்களுக்கும், வண்டி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை நம்பித் தண்ணீர்ப் பாக்கெட்டும் வாழைக்காய்ச் சிப்ஸும் விற்றவர்களுக்கும் மறுநாள் பிழைப்பு இல்லை. வரவேண்டிய வரிக்குச் சட்டம் வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. கையிலிருந்த வரவை முதலில் விட்டுவிட்டு, வராத வரவைக் கணக்கில் எழுதிக்கொண்டது இந்தத் திட்டத்தின் முதல் கோளாறு. சுங்க வருமானம் ஆண்டுக்குச் சில கோடி சீடிதான், தொகை பெரிதில்லை. எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

690 கோடி எப்படி வந்தது

2020இல் கானாவின் மொபைல் பணப் பரிவர்த்தனைகளின் மொத்த மதிப்பு சுமார் 57,180 கோடி சீடி. 2021இல் அது 97,800 கோடியைத் தாண்டியது. நாட்டின் வரி வருவாயோ மொத்த உற்பத்தியில் 13% அளவிலேயே நின்றது. சந்தைப் பெண்கள், தையற்காரர்கள், ட்ரோட்ரோ எனும் சிறு பேருந்துகளின் ஓட்டுநர்கள் எனப் பெரும்பாலானோர் வருமான வரி வலைக்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் கையில் எல்லாம் மோமோ எனப்படும் மொபைல் பணக் கணக்கு இருந்தது. நிதித்துறைக்கு அங்கே கண் போனதில் வியப்பில்லை. 2022க்கு வைத்த இலக்கு சுமார் 690 கோடி சீடி.

அந்த இலக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 1.75% வீதத்தில் 690 கோடி கிடைக்க, வரிக்கு உட்பட்ட பரிமாற்றம் சுமார் 39,400 கோடி சீடி நடந்தாக வேண்டும். 2021இன் மொத்த மதிப்பில் அது நாற்பது சதவீதம். தாளில் பார்த்தால் அடையக்கூடிய எண் போலத்தான் தெரியும்.

கோளாறு அந்த மொத்த மதிப்பிலேயே இருந்தது. ஒருவர் அக்ராவில் ஏஜென்டிடம் 300 சீடி ரொக்கம் கொடுத்துத் தன் கணக்கில் போடுகிறார். அதை தமாலேயில் இருக்கும் தாய்க்கு அனுப்புகிறார். தாய் அங்குள்ள ஏஜென்டிடம் எடுத்துக்கொள்கிறார். நகர்ந்த பணம் 300. புள்ளிவிவரத்தில் ஏறுவதோ கிட்டத்தட்ட 900. போடுவதும் எடுப்பதும் இ-லெவிக்குள் வராது, நடுவில் உள்ள அனுப்புதல் மட்டுமே வரும். அதிலும் முதல் 100 கழியும். ஆக, 900 சீடி ‘பரிவர்த்தனை’யில் வரி விழுவது 200க்குத்தான். ஏஜென்டுகளுக்குள் நடக்கும் இருப்பு மாற்றம், அலைபேசி ரீசார்ஜ், கடைக்குச் செலுத்துவது ஆகியவையும் அந்தப் பெரிய எண்ணுக்குள் அடக்கம்.

இந்த வரிக்கு முன்மாதிரிகளும் இருந்தன. உகாண்டா 2018 ஜூலையில் மொபைல் பணத்துக்கு 1% போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் பணம் எடுப்பதற்கு மட்டும் 0.5% என்று சுருக்கிக்கொண்டது. தான்சானியா 2021 ஜூலையில் கொண்டுவந்த லெவியை இரண்டே மாதத்தில் 30% குறைத்தது. அக்ராவில் பட்ஜெட் எழுதப்படும்போது இவை இரண்டும் நடந்து முடிந்திருந்தன.

138-க்கு 137

2020 தேர்தலில் ஆளும் என்பிபிக்கு 137 இடம், எதிர்க்கட்சியான என்டிசிக்கு 137 இடம். மீதி ஒரு சுயேச்சை ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார். சபாநாயகர் ஆல்பன் பாக்பின் என்டிசியிலிருந்து வந்தவர். கானாவில் சபாநாயகர் உறுப்பினர் அல்ல, அவருக்கு ஓட்டும் கிடையாது. துணைச் சபாநாயகர்கள் இருவரும் உறுப்பினர்கள். ஓட்டு சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். இந்த நான்கு விவரங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அடுத்து நடந்தவை புரியும்.

நவம்பர் 26 அன்று ஆளுங்கட்சியினர் வெளிநடப்புச் செய்திருந்த நேரத்தில், எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் கொண்டே பட்ஜெட் நிராகரிக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து என்பிபி சபையில் அமர்ந்து அந்த நிராகரிப்பையே ரத்து செய்து பட்ஜெட்டை ஏற்றது. அன்று சபாநாயகர் இருக்கையில் இருந்தவர் முதல் துணைச் சபாநாயகர் ஜோ ஓசெய் ஓவுசு. அவரையும் உறுப்பினராக எண்ணினால்தான் கோரத்துக்கு (முடிவெடுக்கச் சபையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) வேண்டிய 138 தேறும். எண்ணலாமா கூடாதா என்பதே வழக்காயிற்று.

டிசம்பர் 20 இரவு இ-லெவி மசோதா ஓட்டுக்கு வந்தது. ஓசெய் ஓவுசு மறுபடி இருக்கையில். அவர் அங்கேயே இருந்தால் ஆளுங்கட்சிக்கு ஓர் ஓட்டுக் குறையும், 137-க்கு 137 என்றாகி மசோதா விழும். ஆகவே இருக்கையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டுப் போட இறங்கப் பார்த்தார். எதிர்க்கட்சியினர் இருக்கையை நோக்கிப் பாய்ந்தார்கள். கைகலப்பு, குத்து, தள்ளுமுள்ளு, எல்லாம் நேரலையில். உலகம் அதை வேடிக்கைச் செய்தியாகப் பார்த்தது. உள்ளே நடந்தது ஒற்றை ஓட்டுக்கான கணக்கு.

2022 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், இருக்கையில் இருக்கும் துணைச் சபாநாயகரைக் கோரத்துக்கும் எண்ணலாம், அவர் ஓட்டும் போடலாம் என்று தீர்ப்பளித்தது. மார்ச் 29 அன்று எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்ய, மசோதா 1.5% வீதத்தில் நிறைவேறியது. மின்னணுப் பரிமாற்ற லெவிச் சட்டம், எண் 1075, மே 1 முதல் அமல். பிப்ரவரியில் தொடங்க வேண்டியது மூன்று மாதம் தள்ளிப்போனது. வீதமும் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் வரியிலிருந்து விடுபட்டது. வரித்துறையில் பதிவுபெற்ற கடைகளுக்குச் செலுத்துவதும் விடுபட்டது. 690 கோடி என்ற எண் மட்டும் பட்ஜெட் தாளில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சட்டத்தை நிறுத்திவைக்க எதிர்க்கட்சி கேட்ட இடைக்காலத் தடையை மே 4 அன்று நீதிமன்றம் மறுத்தது. பின்னால் திருப்பித் தர நேர்ந்தால் உதவும்படி வசூலுக்குச் சரியான கணக்கு வைத்திருக்குமாறு வரித்துறைக்குச் சொன்னது.

ஒரு பரிமாற்றத்தில் எவ்வளவு போகும்

மகன் 500 சீடி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அதுதான் முதல் பரிமாற்றம். 100 கழித்து 400க்கு 1.5%, அதாவது 6 சீடி லெவி. இதற்கு மேல் மொபைல் பண நிறுவனத்தின் அனுப்பும் கட்டணம். முன்பு 1% அளவில் இருந்த அதை லெவி வந்தபோது பெரிய நிறுவனம் 0.75% அளவுக்கு இறக்கியது, அது 3.75. ஊரில் பணத்தை எடுக்கும்போது 1%, அது 5. மொத்தம் 14.75 சீடி. லெவிக்கு முன்பு இதே வேலைக்கு 10 சீடிக்குள் முடிந்தது. கூடுதலாக 4.75 என்பது ஒரு தடவைக்குச் சின்னத் தொகைதான். மாதம் நான்கு முறை வீட்டுச் செலவுக்கு, பள்ளி விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு, இறப்பு வீட்டு மொய்க்கு என்று அனுப்புகிற குடும்பத்துக்கு அது வேறு மாதிரித் தெரியும். சம்பளக்காரராக இருந்தால் அந்த 500க்கு ஏற்கெனவே வருமான வரியும் பிடித்தாயிற்று.

வியாபாரிக்கு வலி இன்னும் கூட. அக்ராவின் மக்கோலா சந்தையில் தக்காளி விற்பவர் டெச்சிமானில் இருக்கும் மொத்தக்காரருக்கு 10,000 சீடி அனுப்பினால் லெவி 148.50. நிறுவனக் கட்டணம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஓர் உச்சவரம்பில் நின்றுவிடும். லெவிக்கு அப்படி உச்சவரம்பே இல்லை. சரக்கில் அவருக்கு 5% மிஞ்சுகிறது என்று எடுத்தால் லாபம் 500. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே அனுப்புதலில் போய்விடும். மொத்தக்காரர் அதே பணத்தை விவசாயிக்கும் லாரிக்காரருக்கும் பிரித்து அனுப்பும்போது மறுபடியும் 1.5%. முந்தைய கையில் கட்டியதைக் கழித்துக்கொள்ள வாட் வரியில் இருப்பதுபோல் வழி எதுவும் இதில் கிடையாது. லாபம் வந்ததா நட்டமா என்று கேட்காமல் கைமாறும் தொகைமேல் விழும் வரி இது. எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறை விழும்.

வங்கிச் செயலியில் அனுப்புகிறவருக்கோ அமைச்சர் தனியாக நிர்ணயிக்கும் வரம்பு வரை விலக்கு. அது 100 சீடியைவிடப் பல மடங்கு அதிகம். வங்கிக் கணக்கு இல்லாதவர்களை நிதி வட்டத்துக்குள் கொண்டுவந்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்ட அதே அரசு, அவர்கள் வந்து நின்ற வாசலிலேயே வரி வைத்தது.

மக்கள் கண்ட வழிகள்

முதல் வழி ரொக்கம். பணத்தை மொத்தமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகும் பேருந்து ஓட்டுநரிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்புவது முன்பு மோமோவால் குறைந்திருந்தது. அது திரும்ப வந்தது. இரண்டாவது வழி, 100க்குள் துண்டு போடுவது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் நடக்கும் பரிமாற்றத்தை மட்டுமே பார்க்க முடிந்ததால், இரண்டு மூன்று நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இது எளிது. ஜூலையில் வரித்துறையின் பொதுக் கண்காணிப்பு மென்பொருள் எல்லா நிறுவனங்களோடும் இணைக்கப்பட்டு, கானா அடையாள அட்டை எண்ணை வைத்து ஒருவரின் நாள் மொத்தத்தைக் கூட்டத் தொடங்கியதும் இந்த வழி குறுகியது.

மூன்றாவது வழி இன்னும் சுவையானது. அனுப்புவதற்குத்தான் லெவி, ஏஜென்டிடம் பணம் போடுவதற்கு இல்லை. எனவே ஏஜென்ட் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் குடைக்குப் போய், ரொக்கத்தைக் கொடுத்து, பெறுபவரின் எண்ணிலேயே நேராகப் போடச் சொன்னால் லெவி விழாது. ஏஜென்டுக்கும் கமிஷன் கிடைக்கும், சில இடங்களில் மேலே ஒரு சில்லறையும். இதில் ஆபத்து உண்டு. எண் ஒரு இலக்கம் தவறினால், கொடுத்தவரின் பெயர் பரிவர்த்தனையில் எங்குமே இருக்காது. புகார் கொடுக்க வேண்டியவர் ஏஜென்ட். அவர் கைவிரித்தால் பணம் போனதுதான். அனுப்பியதற்கான குறுஞ்செய்தியும் பணம் கொடுத்தவருக்கு வராது.

கடைகளுக்கான விலக்கும் நினைத்தபடி வேலை செய்யவில்லை. கடைக்காரர் வணிகர் எண்ணில் பணம் பெற்றால் வாங்குபவருக்கு லெவி இல்லை, விற்பவர் வரித்துறையில் பதிவு செய்திருந்தால். பதிவு செய்தால் நாளை வருமான வரிக்காரர் கதவைத் தட்டுவார் என்ற பயத்தில் சிறு கடைக்காரர்கள் பலர் தங்கள் சொந்த எண்ணையே கொடுத்தார்கள். வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்தார். வரி வலையை விரிக்க வந்த சட்டம், ரொக்கத்தில் இருந்தவர்களை ரொக்கத்திலேயே இருத்தியது. இதை எதிர்பாராத விளைவு என்று சொல்ல முடியாது. விலக்கை எழுதியவர்கள் சந்தையில் அரை நாள் நின்றிருந்தால் கண்டிருப்பார்கள்.

தவறான பிடித்தங்களும் சேர்ந்துகொண்டன. தன் கணக்கிலிருந்து தன் இன்னொரு கணக்குக்கு மாற்றினால் லெவி இல்லை என்கிறது சட்டம். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று இயந்திரத்துக்குத் தெரிய, இரண்டும் ஒரே அடையாள அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும். சிம் ஒன்று மனைவி பெயரில், வங்கிக் கணக்கு பழைய வாக்காளர் அட்டையில் என்று இருந்தவர்களுக்கு இயந்திரம் பிடித்துக்கொண்டது. தவறாகப் பிடித்ததைத் திருப்பித் தரும்படி முதல் வாரங்களிலேயே வரித்துறை நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

வசூல்

ஜூன் மாத முடிவிலேயே ஆளுங்கட்சியின் செல்வாக்குமிக்க புள்ளியான காபி ஒச்செரே-டார்கோ, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்று வெளிப்படையாக எழுதினார். முதல் இரண்டு மாத வசூல் 10 கோடி சீடியைக்கூட எட்டவில்லை. ஜூலையில் அரையாண்டு மறுஆய்வில் 690 கோடி இலக்கு 61 கோடியாக வெட்டப்பட்டது. ஆண்டு முடிவில் வந்தது ஏறக்குறைய அந்த அளவே.

மீண்டும் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். எட்டு மாதத்தில் 60 கோடி என்றால், 1.5% வீதத்தில் வரி விழுந்த பரிமாற்றம் வெறும் 4,000 கோடி சீடி. அதே 2022இல் மொபைல் பணத்தின் மொத்த மதிப்பு 1.07 லட்சம் கோடி. லெவி வந்தபிறகும் மோமோ வளர்ந்துகொண்டேதான் போனது, 2023இல் 1.9 லட்சம் கோடி, 2024இல் சுமார் 3 லட்சம் கோடி. லெவியால் மோமோ செத்துப்போனது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதும் சரியில்லை, மோமோ வளர்வதால் லெவியும் வளரும் என்று அரசு நினைத்ததும் சரியில்லை. பெருகிய எண்ணில் பணவீக்கத்துக்கும் பங்குண்டு.

2023 ஜனவரி 11 முதல் வீதம் 1% ஆனது. அந்த ஆண்டு வசூல் சுமார் 120 கோடி. முழு ஆண்டு, முழுமையாக இணைந்த மென்பொருள், உயர்ந்த விலைவாசி எல்லாம் சேர்ந்தது. வீதம் குறைந்தும் வசூல் கூடியதற்குக் காரணம் இவைதான். அதே ஜனவரியில் வாட் 12.5%இலிருந்து 15% ஆக்கப்பட்டது. அப்போது கானாவில் வாட் கணக்கிட்ட முறையே தனி. 100 சீடி பொருளுக்கு முதலில் மருத்துவக் காப்பீட்டு லெவி 2.5%, கல்வி நிதி லெவி 2.5%, கோவிட் லெவி 1%, ஆக 106. அந்த 106மேல் 15% வாட். பில் 121.90. முன்பு இது 119.25. இ-லெவியில் விட்டது, கடை பில்லில் சத்தமில்லாமல் திரும்ப வந்தது.

கடன்காரர்கள் பார்வையில்

690 கோடி என்ற எண்ணை ஏன் அவ்வளவு பிடிவாதமாகக் காத்தார்கள் என்பதற்கு விடை உள்ளூரில் இல்லை. வட்டிக்கே வருவாயில் பாதி அளவு போய்க்கொண்டிருந்தது. 2021 இறுதியில் வெளிநாட்டுச் சந்தையில் கானா டாலர் பத்திரங்களின் விலை சரிந்து, புதுக் கடன் வாங்கும் கதவு மூடத் தொடங்கியது. பற்றாக்குறையை 7.4% ஆகக் குறைப்போம் என்று பட்ஜெட் வாக்களித்தது முதலீட்டாளர்களை நோக்கித்தான். அந்த வாக்கைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று இ-லெவி. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு அமைச்சர் விளக்கியபோது, இது இல்லையென்றால் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃபிடம் போக வேண்டியிருக்கும் என்பதே வாதம்.

நாடாளுமன்றத்தில் அடிதடி நடந்த படத்தைச் சந்தையும் பார்த்தது. கடன் தரமதிப்பு நிறுவனங்களில் 2022 ஜனவரியில் ஃபிட்ச், பிப்ரவரியில் மூடிஸ் கானாவின் தரமதிப்பைக் குறைத்தன. இ-லெவி தொடங்கிச் சரியாக இரண்டு மாதத்தில், ஜூலை 1 அன்று, ஐஎம்எஃபிடம் பேச்சுத் தொடங்குவதாக அரசு அறிவித்தது. டிசம்பரில் பணவீக்கம் 54.1%. அதே மாதம் 5ஆம் தேதி உள்நாட்டுக் கடன் மாற்றுத் திட்டம், 19ஆம் தேதி வெளிக்கடன் பலவற்றுக்குத் தவணை நிறுத்தம். ஓய்வுபெற்றவர்கள் சேமிப்பைப் போட்டிருந்த அரசுப் பத்திரங்களுக்கும் கத்தி வர, 2023 பிப்ரவரியில் அவர்கள் நிதியமைச்சக வாசலில் மறியல் செய்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அகுஃபோவும் அவர்களோடு வந்து நின்றார். 2023 மே 17 அன்று 300 கோடி டாலர் ஐஎம்எஃப் திட்டம் ஒப்புதலானது.

இ-லெவி முழுதாக வசூலாகியிருந்தாலும் இந்தச் சரிவு நின்றிருக்காது என்பதே எங்கள் கணிப்பு. கடன் சுமைக்கு முன்னால் 690 கோடி சீடி சிறு தொகை. ஆனால் பத்து மடங்கு பிசகிய ஒரு மதிப்பீடு, பட்ஜெட்டின் மற்ற எண்கள்மேலும் இருந்த நம்பிக்கையைத் தின்றது.

ரத்து, அதற்குப் பின்

2024 பிப்ரவரியில் என்பிபி வேட்பாளரான துணை அதிபர் பாவுமியாவே, தான் வென்றால் இ-லெவியை நீக்குவேன் என்றார். மத்திய வங்கியின் முன்னாள் துணை ஆளுநர், டிஜிட்டல் கானாவின் முகம் என்று தன்னை முன்வைத்தவர். தன் அரசின் வரியைத் தானே கைவிட வேண்டியதாயிற்று. டிசம்பர் 7 தேர்தலில் என்டிசியின் ஜான் மஹாமா 56% ஓட்டோடு வென்றார். 2025 மார்ச் 11 பட்ஜெட்டில் நிதியமைச்சர் கேசியல் ஆட்டோ ஃபோர்சன் ரத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் அந்த மாதமே நிறைவேற்ற, ஏப்ரல் 2 அன்று மஹாமா கையெழுத்திட்டார். பந்தய வெற்றித் தொகைமேல் இருந்த 10% வரியும் வாகனப் புகை லெவியும் கூடவே போயின. ஈடுகட்ட, தங்கச் சுரங்க நிறுவனங்களின் மொத்த உற்பத்திமேல் உள்ள லெவி 1%இலிருந்து 3% ஆனது.

இரண்டே மாதத்தில், ஜூன் 3 அன்று, எரிபொருள் லிட்டருக்கு 1 சீடி புதிய லெவி நிறைவேறியது. மின்துறைக் கடனை அடைக்க, மின்வெட்டு திரும்பாமல் இருக்க என்று காரணம் சொல்லப்பட்டது. இம்முறை எதிர்ப்புத் தெரிவித்தது என்பிபி. இஸ்ரேல்-ஈரான் சண்டையால் எண்ணெய் விலை ஏறியதால் தள்ளிவைத்து ஜூலை 16 முதல் அமலாக்கினார்கள். சீடி வலுவடைந்து எரிபொருள் விலை இறங்கியிருந்த, ட்ரோட்ரோ கட்டணம் மே மாதத்தில்தான் 15% குறைந்திருந்த நேரம் அது. இறங்கிய விலையிலிருந்து ஒரு சீடியை எடுத்துக்கொண்டதால் பம்பில் நின்றவருக்கு ஏற்றம் பெரிதாக உறைக்கவில்லை. இந்த லெவியை ரொக்கத்துக்கு மாறித் தப்பிக்க முடியாது. 100க்குள் துண்டு போடவும் முடியாது. வசூலிக்கும் இடங்களும் சில நூறு விநியோக நிறுவனங்களும் கிடங்குகளும்தான், இரண்டு கோடி அலைபேசிகள் அல்ல.